இன்ஸ்பெக்டர் குடிக்காத தண்ணீர்

வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் கிட்ட நகர்ந்து உட்காருங்க. தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்தில் என் குரல் உங்கள் காதுக்கு வந்து சேர வேண்டாமா? கால் நீட்டுகிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்க. இன்றைக்கு ஒரு சாப்பாட்டுக் கடையின் கதை சொல்கிறேன். ஒரு மனுஷன் ஒரு டம்ளர் தண்ணீரை வேண்டாம் என்று சொன்னதால் ஒரு வீட்டு அடுப்பே அணைந்துவிடப் பார்த்தது. அதைச் சொல்கிறேன். கேட்டு முடித்தபின் உங்களுக்கும் தண்ணீர் தாகம் எடுத்தால் என்னைக் குறை சொல்லாதீங்க.

சுங்கை பட்டாணியிலிருந்து பாலிங் போகிற சடக்கில் ஒரு சின்னப் பட்டணம். பேர் வேண்டாம், அங்கே இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். காட்டை வெட்டி ரப்பர்க் கன்று நட்டு, மரம் முதல் பால் கொடுக்க ஆரம்பித்திருந்த காலம் அது. சடக்குக்குத் தார் கிடையாது, செம்மண்தான். மழை பெய்தால் மாட்டுவண்டிச் சக்கரம் பாதி புதையும். காலையில் கடைவீதிக்குள் நுழைந்தால் புகைபோட்ட ரப்பர் ஷீட்டு வாடையும், கருவாட்டு வாடையும், சீனன் கடைக் காப்பிக்கொட்டை வறுக்கிற வாடையும் கலந்து மூக்கில் ஏறும். அந்த வாடை இப்போது எங்கே கிடைக்கும் சொல்லுங்க. காசு கொடுத்தாலும் கிடைக்காது.

பட்டணத்துக்கு நடுவில் பலகை வீடு ஒன்று, கறுப்புச் சாயம் பூசியது. அதுதான் சானிட்டரி போர்டு ஆபீஸ். நம் ஜனங்கள் வாயில் அது ‘போர்டாபீஸ்.’ சோற்றுக்கடை வைக்க, மாடு கட்ட, ஆடு அறுக்க, முடி வெட்ட, எல்லாவற்றுக்கும் அங்கே போய்ப் பெர்மிட் எடுக்க வேண்டும். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாயா, வாய்க்கால் ஓடுகிறதா, தொட்டியில் கொசுப்புழு நெளிகிறதா என்று பார்க்க ஓர் இன்ஸ்பெக்டர் உண்டு. குட்டையில் எண்ணெய் ஊற்ற ஓர் ஆள் முதுகில் தகரத்தைக் கட்டிக்கொண்டு அலைவான். போர்டாபீஸ் திற என்றால் கடை திறக்கும், மூடு என்றால் மூடும். வெள்ளைக்காரத் துரைகூட அந்த வழியாகப் போகும்போது சுருட்டுத் துண்டை வாய்க்காலில் போட மாட்டார்.

அந்த வீதியின் மேற்குக் கோடியில் மூசா பாய் கடை. இடியாப்பமும், மீன் ஆணம் என்று சொல்கிற மீன் குழம்பும்தான் அங்கே பேர்போனவை. சம்பள ஞாயிறென்றால் சுற்றுத் தோட்டத்து ஜனங்கள் குளித்து, எண்ணெய் தேய்த்து, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே வந்து அங்கேதான் பசியாறுவார்கள். மூசா பாய் ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மனைவி ஹமீதா. அவளுக்கு ஜைனப் என்று ஒரே மகள், பால்பல் விழாத பிள்ளை. ஊரில், நாகூரில், மூசாவின் அண்ணன் வீடு இருந்தது. “கப்பலேறி வந்துவிடு, இங்கே அடுப்படியில் ஓர் ஆள் குறைகிறது” என்று சொல்லி அனுப்பியிருந்தார் அந்தப் பெரிய மனுஷன். அடுப்படி ஆள் என்றால் என்னவென்று ஹமீதாவுக்குத் தெரியும். அங்கே போனால் அவளும் எச்சில் தட்டு கழுவுவாள், அவளுக்கப்புறம் ஜைனபும் கழுவுவாள்.

“நான் போகல. கடையை நான் நடத்துறேன்” என்றாள் தன் தம்பி ஈசாவிடம்.

“பொம்பளை பேருக்குப் பெர்மிட் கொடுப்பாங்களா லாத்தா?”

“கேட்டாத்தானே தெரியும். நீ முன்னால நின்னு தேத்தண்ணி ஆத்து. நான் திரைக்குப் பின்னால நின்னு சமைக்கிறேன். திரைக்கு இந்தப் பக்கம் யார் நிக்கிறான்னா சோத்துக்குத் தெரியப்போகுது?”

கேட்டார்கள், கிடைத்தது. ஆனால் சும்மா கிடைக்கவில்லை. அப்போதுதான் பட்டணத்துக்கு ஒரு புது இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். எர்னஸ்ட் என்று பேர். தமிழ்க் கிறிஸ்தவர், ஒல்லியான ஆள். காக்கிச் சட்டை, தொப்பி, சைக்கிள். சிரிப்பதற்கும் போர்டில் பெர்மிட் எடுக்க வேண்டும் போல, அப்படி ஒரு முகம். அவர் வந்து பார்த்தார். கிணற்றுக்கு இடுப்பளவு சுவர் கட்டச் சொன்னார். பின்வாய்க்காலைச் சிமிந்தி போட்டு மெழுகச் சொன்னார். பண்டம் வைக்கிற அலமாரிக்குக் கம்பிவலை அடிக்கச் சொன்னார். ஹமீதா தன் வளையலைக் கழற்றி விற்று எல்லாவற்றையும் செய்தாள். அவர் திரும்ப வந்து, குனிந்து, நிமிர்ந்து, மூடியைத் திறந்து, மூடிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். “ஒரு மாசம் கடை மூடிக் கிடந்தா இது செல்லாது. மறுபடி முதல்லேர்ந்து கேட்கணும்” என்று சொல்லிக் காகிதத்தை நீட்டினார். ஈசா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினான்.

அன்றைக்கு ஹமீதாவுக்கு மனசு நிறைந்துபோனது. கலியாணத்துக்கு அவள் தாய் கொடுத்த வெள்ளி டம்ளர் ஒன்று பெட்டியில் இருந்தது. அதைத் தேய்த்துக் கழுவி, புதுச் சுவர் கட்டின கிணற்றுத் தண்ணீரையே மொண்டு, திரை ஓரமாக ஈசாவிடம் நீட்டினாள்.

“ஐயாவுக்குக் கொடு. வெயில்ல வந்திருக்காரு.”

எர்னஸ்ட் உள்ளங்கையை உயர்த்தினார். “வேண்டாம்.”

“தண்ணிதான் ஐயா.”

“தண்ணியும் வேண்டாம்.”

அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். டம்ளர் அப்படியே திரும்பி வந்தது. வாசலுக்கு வந்தவன் வாய் நனையாமல் போனால் வீட்டுக்காரிக்கு எப்படி இருக்கும்? ஹமீதாவுக்கு முகத்தில் அடித்தாற்போல இருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இவருக்கு முன்னால் இருந்த இன்ஸ்பெக்டர் வேறு மாதிரி. தொந்தியும் தொப்பியுமாக வருவார். ஒரு கடையில் இடியாப்பம், அடுத்த கடையில் வடை, மூன்றாவது கடையில் தேத்தண்ணீர் என்று வீதி முழுவதும் சாப்பிட்டுக்கொண்டே சோதனை போடுவார். ஏப்பம் விட்டால் சோதனை முடிந்தது என்று அர்த்தம். ஜனங்கள் அதை வைத்தே கணக்குப் போடப் பழகியிருந்தார்கள். “இன்ஸ்பெக்டரே தின்ற கடைடா, தைரியமா உக்காரு” என்பார்கள். சுவரில் தொங்கும் காகிதத்தை எத்தனை பேர் படிக்க முடியும்? அது இங்கிலீஷில் இருந்தால் என்ன, தமிழில் இருந்தால் என்ன? பெர்மிட் என்றால் ஜனங்களுக்கு அந்த மனுஷன் வாய்தான்.

புது இன்ஸ்பெக்டர் யார் கடையிலும் வாய் நனைக்கவில்லை. கீழத்தெருவில் அன்சார் பாய் கடை இருந்தது. அவர் பலே ஆள். இன்ஸ்பெக்டர் உட்கார்ந்து எழுத ஒரு நாற்காலியும் மேசையும் வாசல் ஓரமாகப் போட்டு, மேசைமேல் ஒரு டம்ளரை மூடி வைத்துவிடுவார். எர்னஸ்ட் எழுதிவிட்டு எழுந்து போவார். டம்ளரைத் தொடவே மாட்டார். ஆனால் சடக்கிலிருந்து பார்க்கிறவன் கண்ணுக்கு ஐயா தேத்தண்ணீர் குடிக்கிறார். ஈசா இதைக் கண்டுவிட்டு வந்து சொன்னான்.

“நாமளும் அதே மாதிரி ஒரு மேசை போடுவோம் லாத்தா. காலி டம்ளரை மூடி வெச்சாக்கூடப் போதும்.”

“குடிக்காதவரைக் குடிச்சதா காட்டவா? அந்த டம்ளரை அப்புறம் நான் எந்தக் கையால கழுவுறது? போடா.”

அப்படியே நாட்கள் போயின. கூட்டம் கொஞ்சம் குறைந்திருந்தது, ஆனால் கடை ஓடியது. பிறகு ஹமீதா ஒரு காரியம் செய்தாள். நல்ல மனசோடுதான் செய்தாள், அதுவே வினையாகிவிட்டது.

வீட்டுக்கு வீடு துணி எடுத்து வெளுக்கிற மருதம்மாள் ஒருநாள் பின்வாசலில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் பேச்சை ஆரம்பித்தாள். “இன்ஸ்பெக்டரு பொஞ்சாதி முழுகாம இருக்குது, தெரியுமா பாய்வீட்டம்மா? அக்னஸுன்னு பேரு. படாங் மேஹா பக்கத்துத் தோட்டத்துல மருந்துக்காரர் மக. பாவம், எதைத் தின்னாலும் நிக்க மாட்டேங்குது. அந்த மனுஷன் சமைக்கிறேன்னு கஞ்சியக் கருக்கி வெச்சிருக்காரு. சட்டியச் சுரண்டுற சத்தம் எங்க வூட்டுக்குக் கேக்குது.”

“எதாச்சும் கேக்குதா, ஆசையா?”

“கேக்காம என்ன? உங்க கடை மீன் ஆணம் வாசம் காத்துல வருதாம். அதை மோந்துக்கிட்டே ஜன்னலண்ட நிக்குமாம்.”

அவ்வளவுதான், ஹமீதாவுக்கு மனசு கேட்கவில்லை. மசக்கைக்காரி ஆசைப்பட்டது காதில் விழுந்தபின் கொடுக்காமல் இருந்தால் அது தன் பிள்ளையைத்தான் சுற்றும் என்று நம்புகிற வம்சம் அவளுடையது. அவள் இன்ஸ்பெக்டரையும் நினைக்கவில்லை, பெர்மிட்டையும் நினைக்கவில்லை. புளி கொஞ்சம் தூக்கலாகக் கரைத்து, கெண்டை மீன் போட்டு ஆணம் வைத்து, இடியாப்பத்தை வாழையிலையில் சுற்றி, ஒரு பித்தளைச் சட்டியில் அடுக்கி, வெள்ளைத் துணியால் கட்டி மருதம்மாளிடம் கொடுத்தாள்.

அது போன வேகத்தில் திரும்பி வந்தது. சாப்பாட்டு நேரத்துக்கு எர்னஸ்ட் வீட்டில் இருந்திருக்கிறார். “பெர்மிட் கொடுக்கிற வீட்டுக்குக் கடைப் பாத்திரம் வரக் கூடாது. எடுத்துட்டுப் போ” என்றுவிட்டார். மருதம்மாள் தலையில் சட்டியை வைத்துக்கொண்டு போன வழியே திரும்பி நடந்தாள். நட்டநடு வீதி, பட்டப்பகல். துணியின் முடிச்சுகூட அவிழவில்லை.

“என்ன மருதம்மா, கொண்டு போனது அப்படியே திரும்புது?” என்று கேட்டார் பரஞ்சோதி. இவர் ஆற்றங்கரைத் தோட்டத்து மண்டோர். மரம் சீவுகிற ஆட்களை மேய்க்கிற வேலை. வாரத்தில் ஆறு நாள் தோட்டத்தில் சத்தம் போட்டு, ஏழாவது நாள் பட்டணத்தில் வந்து சேதி சேகரிப்பார். அன்றைக்கு ஏதோ துரை வேலையாக வந்திருந்தார்.

“இன்ஸ்பெக்டரு வேணாமுன்னுட்டாரு” என்றாள் மருதம்மாள். அவள் சொன்னது அவ்வளவுதான், பொய் ஒன்றும் இல்லை.

பரஞ்சோதிக்கு அது போதும். அந்த மாதம் பார்த்து ஆற்றங்கரைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் வயிற்றுப்போக்கு வேறு. பிள்ளைகள் சுருண்டு கிடந்தார்கள். எதனால் என்று யாருக்கும் தெரியவில்லை. எதனால் என்று தெரியாத இடத்தில் எந்தக் கதையும் வேர் பிடித்துவிடும். மூசா பாய் கடைச் சாப்பாட்டை இன்ஸ்பெக்டர் தன் வீட்டு வாசலுக்குள்ளேயே விடவில்லையாம் என்ற பேச்சு லயத்துக்கு லயம் போனது. பால்வாளியோடு போனது, மாட்டுவண்டியோடு போனது.

அடுத்த சம்பள ஞாயிறு ஹமீதா விடியுமுன் எழுந்து வழக்கம்போல மாவு பிழிந்தாள். இடியாப்பம் மலைபோல அவித்து அடுக்கினாள். திரையை விலக்கிப் பார்த்தாள். வீதியில் ஜனங்கள் வந்தார்கள். கடை வாசலில் நடையைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு கீழத்தெருப் பக்கம் போய்விட்டார்கள். நவமணி என்று ஒரு தோட்டத்துப் பெண், ஹமீதாவைத் தன் அக்காள் என்றே சொல்லிக்கொள்கிறவள். அவள்கூட முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி போனாள். அவள் இடுப்புக் குழந்தை மட்டும் கடையைக் காட்டிக் கையை நீட்டி அழுதது.

மத்தியானம் ஈசா பெஞ்சுகளைத் துடைத்தான். துடைத்த பெஞ்சையே திரும்பத் துடைத்தான்.

“இப்படியே போனா மாசக் கடைசியில சாத்த வேண்டியதுதான் லாத்தா. சாத்தினா பெர்மிட்டும் போயிடும்.”

ஹமீதா இடியாப்பத்தை எடுத்துப் பக்கத்து மலாய்க்காரர் வீட்டுக் கோழிகளுக்குப் போடச் சொன்னாள். ஜைனப் ஓடிப்போய்ப் போட்டுவிட்டு வந்து, “உம்மா, கோழிங்க எல்லாம் சாப்பிட்டுச்சு” என்றாள் சந்தோஷமாக. அதைக் கேட்டபோதுதான் ஹமீதாவுக்குக் கண் கலங்கியது.

அந்த வாரமே எர்னஸ்ட் சோதனைக்கு வந்தார். எப்போதும்போல நின்றுகொண்டே பார்த்தார், நின்றுகொண்டே எழுதினார். “எல்லாம் சுத்தம்” என்று சொல்லித் தொப்பியை எடுத்து மாட்டினார்.

“கொஞ்சம் நில்லுங்க ஐயா” என்றாள் ஹமீதா, திரைக்குப் பின்னாலிருந்து. ஈசா திகைத்துப்போனான். தமக்கை வெளி ஆணோடு பேசி அவன் கேட்டதில்லை.

“சுத்தம்னு சொன்னீங்களே, அதைக் கொஞ்சம் சடக்குல நின்னு சொல்லுங்க.”

“காகிதத்துல எழுதிக் கொடுத்திருக்கேனே அம்மா. சுவத்துல இருக்கு.”

“அதை யார் படிக்கிறா? அவங்க உங்க வாயைத்தான் படிக்கிறாங்க. பாருங்க, பெஞ்சி எப்படி காலியா கிடக்கு. ஒரு மடக்குத் தண்ணி குடிச்சிருந்தீங்கன்னா இந்த நிலைமை வருமா?”

எர்னஸ்ட் காலி பெஞ்சுகளைப் பார்த்தார். அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது போலிருந்தது. வாய்க்காலைப் பார்க்கிற மனுஷன் பெஞ்சை எங்கே பார்த்தார்? மாட்டின தொப்பியைத் திரும்பக் கழற்றினார்.

“அம்மா, இன்னிக்கு உங்க வீட்டுத் தண்ணியைக் குடிச்சா, நாளைக்கு உங்க வாய்க்கால் அடைச்சிருக்கும்போது அந்தத் தண்ணிதான் என் கண்ணு முன்னால நிக்கும். அடைப்புத் தெரியாது. உங்க வீட்டுல குடிச்சா அன்சார் வீட்டுலயும் குடிக்கணும். அப்புறம் வயித்துப்போக்கு வந்தா நான் யார் கடையைச் சாத்துறது? பசியோட போறவனாலதான் அம்மா இந்த வேலையைச் செய்ய முடியும்.”

“சரிங்க ஐயா. உங்க நேர்மை உங்களோட இருக்கட்டும். ஆனா அதுக்கு என் பிள்ளை கப்பலேறணுமா?”

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து போனார். ஏறவே இல்லை என்று ஈசா சொன்னான்.

இதற்கப்புறம் இன்ஸ்பெக்டர் வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்று ஹமீதாவுக்கு எப்படித் தெரியும்? நமக்கும் தெரியாது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மாதக் கடைசி நெருங்கியது. ஹமீதா பெட்டியை இறக்கித் துணிகளை மடிக்க ஆரம்பித்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதத்துக்கு ஒருமுறை பாதிரியார் வந்து பூசை வைக்கிற ஞாயிறு அது. தோட்டங்களில் பாதிச் சம்பளம் வேறு கொடுத்திருந்தார்கள், வீதி நிறைந்திருந்தது. பூசை முடிந்து ஜனங்கள் மேற்கிலிருந்து இறங்கி வந்தார்கள். அவர்களோடு அக்னஸும் வந்தாள். வெள்ளைச் சேலை, தலையில் முக்காடு, மெலிந்துபோன முகம், அதற்குப் பொருந்தாத வயிறு. நேராக நடந்து வந்தவள் மூசா பாய் கடை வாசலில் திரும்பி உள்ளே ஏறினாள்.

ஈசா பதறிப்போனான். அந்தக் காலத்தில் பெண்கள் கடைக்கு வந்தால் திரைக்குப் பின்னால் போய்த்தான் சாப்பிடுவார்கள். “உள்ள வாங்கம்மா, லாத்தா இருக்காங்க.”

“இல்ல தம்பி. இங்கேயே உக்காந்துக்கிறேன். இங்கதான் காத்து வருது.”

சடக்கைப் பார்த்த முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை முதலில் மேசைமேல் வைத்தாள். “மீன் ஆணமும் இடியாப்பமும். புளி தூக்கலா இருக்கணும். இதைக் கேட்டு எத்தனை நாளாச்சு, வந்து சேரவே விடல.”

திரைக்குள் ஹமீதா புளியை இன்னும் கொஞ்சம் கரைத்து விட்டாள். தன் கையாலேயே இலையைத் துடைத்து ஊற்றினாள். அக்னஸ் முதல் வாயை எடுத்து வைத்தாள். கண்ணை மூடினாள். பிறகு அவள் யாரையும் பார்க்கவில்லை, இலையைத்தான் பார்த்தாள். பல நாள் பசிக்கு முன்னால் வெட்கம் என்ன செய்யும்?

வாசலுக்கு வெளியே நடை நின்றுபோனது. பரஞ்சோதி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நவமணி நின்றாள். அன்சார் பாய் கடைக்குப் போனவர்கள்கூடத் திரும்பி வந்து நின்றார்கள்.

“புருஷனுக்குத் தெரியாம வந்திருக்கும். பாரு, இப்ப வந்து கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போவாரு” என்றார் பரஞ்சோதி.

சொல்லி வாய் மூடவில்லை, சைக்கிள் மணி கேட்டது. கூட்டம் விலகியது. எர்னஸ்ட் இறங்கினார். பூசைக்குப் போட்ட வெள்ளைக் கோட்டு இன்னும் உடம்பில் இருந்தது. சைக்கிளைத் தூணில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். பெண்சாதியைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். அக்னஸ் நிமிரவில்லை. மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தாள்.

ஹமீதா திரை ஓரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இப்போது இந்த மனுஷன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், துணியை மடித்துப் பெட்டியைப் பூட்ட வேண்டியதுதான்.

அவர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சட்டைக் கையைச் சுருட்டினார். தண்ணீர்ப் பானையின் மூடியைத் திறந்து குனிந்து பார்த்தார். கம்பிவலை அலமாரியின் மூலையில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். ஈசாவின் கையைத் திருப்பி நகத்தைப் பார்த்தார். பின்பக்கம் போனார். கிணற்றில் வாளி இறங்கும் சத்தம் கேட்டது. மாதத்தில் ஒருநாள் பார்க்கிறதை அன்றைக்கு இரண்டு பங்கு நேரம் எடுத்துப் பார்த்தார். வீதியே மூச்சுவிடாமல் நின்றது. திரும்பி வந்து, திரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

“பின்வாய்க்கால்ல சோத்துப் பருக்கை நிக்குது. இன்னிக்கே கழுவி விடணும்.”

“சரிங்க ஐயா.”

“மத்ததெல்லாம் சுத்தம்.”

பிறகு பெஞ்சில், பெண்சாதி பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தக் கடையில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. தொப்பியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

“இன்னும் ரெண்டு இடியாப்பம் கேக்கட்டுமா?” என்றாள் அக்னஸ்.

“கேளு. மெதுவா சாப்பிடு, புரையேறும்” என்றார்.

ஈசா பழக்கதோஷத்தில் அவருக்கும் ஓர் இலையைப் போடப் போனான். அவர் உள்ளங்கையை உயர்த்தினார். ஆனால் இந்த முறை அந்தக் கையைப் பார்த்து யாரும் எதையும் தப்பாக நினைக்கவில்லை.

“அவரு அவருக்காகச் சாப்பிடாம இருக்காரு” என்று மெதுவாகச் சொன்னாள் நவமணி. “கடைக்காக இல்ல. கடை நல்லா இல்லாமலா வயித்துப்பிள்ளைக்காரியச் சாப்பிட விட்டுட்டுக் காவலுக்கு உக்காந்திருக்காரு?” பிறகு பரஞ்சோதியைத் திரும்பிப் பார்த்தாள். “என்ன மண்டோரே, கையப் புடிச்சு இழுத்துட்டுப் போவாருன்னீங்க?”

பரஞ்சோதி மீசையைத் தடவினார். “நான் என்னத்தக் கண்டேன் புள்ள. எனக்கும் பசிதான்.”

நவமணிதான் முதலில் படியேறினாள். இடுப்புக் குழந்தை தாவிக்கொண்டு முன்னால் வந்தது. பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். பரஞ்சோதி மட்டும் மூலையில் ஒதுங்கி உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் நான்கு தட்டு சாப்பிட்டார். அன்றைக்கு மாவு தீர்ந்துபோய், ஈசா அன்சார் பாய் கடைக்கே ஓடி மாவு இரவல் வாங்கி வந்தான். அவரும் கொடுத்தார். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார், ஆனாலும் கொடுத்தார்.

மாலையில் ஹமீதா முதலில் செய்த வேலை பின்வாய்க்காலைக் கழுவியது. அப்புறம்தான் பெட்டியைத் திரும்பப் பரண்மேல் ஏற்றினாள்.

இதோடு இன்ஸ்பெக்டர் இளகிவிட்டார் என்று நினைக்காதீங்க. அக்னஸுக்குப் பெண்பிள்ளை பிறந்தது, பிரிஜெட் என்று பேர் வைத்தார்கள். ஹமீதா குழந்தைக்குத் தைத்து அனுப்பிய சட்டை திரும்பி வந்துவிட்டது. குப்பைத் தொட்டி மூடியில்லாமல் கிடந்த ஒருநாள் அவர் அவளுக்கே அபராதம் போட்டார். அவளும் கட்டினாள். “போட்டாரே படுபாவி மனுஷன்” என்று ஈசா பொருமினான். அவள் சிரித்துக்கொண்டாள். “போடலன்னாத்தான்டா நான் பயந்திருப்பேன்.” பிரிஜெட்டைத் தூக்கிக்கொண்டு அக்னஸ் ஞாயிறுதோறும் வருவாள், முதல் பெஞ்சில்தான் உட்காருவாள், காசை முதலில் வைப்பாள். திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரண்டு பெண்களும் பேசிச் சிரிப்பார்கள். எர்னஸ்ட் வந்தால் நின்றுகொண்டே எழுதுவார். காற்றில் ஆணத்தின் வாசம் வரும்போது மட்டும் அவர் பென்சில் ஒரு கணம் நின்று பிறகு ஓடும். அது ஹமீதாவின் கண்ணுக்கு மட்டும் தெரியும்.

ஜைனபுக்குத் தாவணி போடுகிற வயது வந்தது. அந்த வருஷம் எர்னஸ்டைக் கூலிம் பட்டணத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று சேதி வந்தது. சாமான் ஏற்றுகிற வண்டி போர்டாபீஸ் வாசலில் நின்றது. புது ஆளிடம் சாவியையும் முத்திரையையும் ஒப்படைத்துவிட்டு, எர்னஸ்ட் வீதியில் நடந்து வந்தார். காக்கி இல்லை, தொப்பி இல்லை. சாதாரண வெள்ளை வேட்டி. யாரோ ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வருகிறார் என்றுதான் ஈசா முதலில் நினைத்தான்.

அவர் படியேறி, முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். வாய்க்காலைப் பார்க்கவில்லை, பானையைத் திறக்கவில்லை. திரையைப் பார்த்துச் சொன்னார்:

“அம்மா, முதல்ல கொஞ்சம் தண்ணி கொடுங்க.”

உள்ளே பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. சாம்பல் போட்டுத் தேய்க்கிற சத்தம், கிணற்றில் வாளி இறங்குகிற சத்தம். அவர் பொறுமையாகக் காத்திருந்தார். வெள்ளி டம்ளர் திரையின் ஓரமாக வந்தது. இந்த முறை ஈசாவிடம் கொடுக்காமல் ஹமீதாவே கையை நீட்டினாள். அவர் எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாங்கி, அண்ணாந்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார்.

“இன்னொரு டம்ளர்” என்றார்.

அதற்கப்புறம் இடியாப்பம் சாப்பிட்டார். ஆணத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். கை கழுவிவிட்டு வந்து, “இத்தனை வருஷமா உங்க ஆணத்து வாசனையைத் தொட்டுக்கிட்டுத்தான் அம்மா வீட்டுல கருகின கஞ்சியக் குடிச்சேன்” என்றார். ஹமீதா திரைக்குள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். வண்டி கிளம்பி, செம்மண் புழுதி அடங்குகிறவரை ஜைனப் வாசலில் நின்று கையாட்டினாள்.

அந்தப் பெஞ்சும் இல்லை, அந்தக் கறுப்புப் பலகை வீடும் இல்லை. சடக்குக்குத் தார் போட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனால் எங்கேயாவது சுத்தமான கிணற்றுத் தண்ணீர் குடிக்கக் கிடைத்தால் எனக்கு அந்த வெள்ளி டம்ளர் ஞாபகம் வரும்.

மழையும் விட்டுவிட்டது, எழுந்திருங்க கண்ணுங்களா. இவ்வளவு நேரம் இருந்து கேட்ட உங்கள் வீட்டில் தண்ணீர்ப் பானை வற்றாமல் இருக்கட்டும். வாய்க்கால் தேங்காமல் ஓடட்டும். உங்கள் வாசலுக்கு வருகிறவர்கள் வாய் நனையாமல் திரும்பாமல் இருக்கட்டும். அப்படியே ஒருவர் வேண்டாம் என்று போனாலும், ஒருநாள் அவரே வந்து, இன்னொரு டம்ளர் என்று கேட்டு வாங்கிக் குடிக்கட்டும். உங்கள் அடுப்பு குளிராமல், பிள்ளைகள் வயிறு வாடாமல், வீடு நிறைந்து நல்லா இருங்க.